சாக்பீஸ் யார் கையில்? ‘கோடா’வும் காது கேளாதோர் கதைகளும்

2022 மார்ச் 27, ஆஸ்கர் மேடை. சிறந்த துணை நடிகர் விருதை அறிவிக்க வந்த கொரிய நடிகை யூன் யோ ஜோங், உறையைப் பிரித்ததும் பெயரை உடனே வாசிக்கவில்லை. முதலில் கைகளால் சைகை செய்தார். அரங்கில் பலருக்கு அப்போதே புரிந்துவிட்டது. டிராய் கோட்சர் மேடையேறிச் சிலையை வாங்கிக்கொண்டார். வாங்கியதும் ஒரு சிக்கல். அவர் பேசுவது இரண்டு கைகளாலும். சிலை கையில் இருந்தால் வாயைக் கட்டியதுபோல ஆகிவிடும். யூன் அந்தச் சிலையைத் திரும்ப வாங்கி, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே இருந்தவர்கள் கைதட்டவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி அசைத்தார்கள். காது கேளாதோர் உலகில் கரவொலி அப்படித்தான்.

அந்த இரண்டு நிமிடங்களுக்கு, காது கேட்கும் ஓர் அரங்கம் முழுவதும் மாணவராக இருந்தது. கோட்சருக்கு விருது வாங்கித் தந்த ‘கோடா’ படத்துக்குள் இது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளோஸ்டர் என்ற மீன்பிடித் துறைமுகம். அங்கே ராஸி குடும்பம். அப்பா ஃபிராங்க், அம்மா ஜாக்கி, அண்ணன் லியோ மூவருக்கும் காது கேட்காது. பதினேழு வயது ரூபிக்கு மட்டும் கேட்கும். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து அப்பாவோடும் அண்ணனோடும் கடலுக்குப் போவாள். ரேடியோவைக் கவனிப்பாள், கரைக்கு வந்து விலை பேசுவாள், பிறகு மீன் வாடையோடு வகுப்பில் போய்த் தூங்கி விழுவாள். இப்படி இருக்கிறவள் பள்ளியின் பாடகர் குழுவில் சேர்கிறாள். இசை ஆசிரியர் பெர்னார்டோ வில்லலோபோஸ் அவள் குரலைக் கண்டுகொண்டு, பாஸ்டனில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரிக்கு அனுப்பத் தயார் செய்கிறார். அவள் போய்விட்டால் வீட்டுக்குக் காது யார்?

சியான் ஹெடர் இயக்கிய இந்தப் படத்தை 2021 சண்டான்ஸ் திரைப்பட விழாவில் ஆப்பிள் நிறுவனம் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த விழாவில் அதுவரை எந்தப் படமும் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. ஆஸ்கரில் மூன்று பிரிவுகளில் போட்டியிட்டு, சிறந்த படம் உட்பட மூன்றையும் வென்றது. பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. மேற்கத்திய இசையில் ஒரு பாடலின் முடிவுப் பகுதிக்குக் கோடா என்று பெயர். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தாலும் கோடாதான் வரும். அந்தப் பிள்ளைகளுக்காக 1983-இல் மில்லி பிரதர் என்பவர் ஓர் அமைப்பைத் தொடங்கியபோது நிலைபெற்ற சொல் அது.

ஆசிரியர் கதைகளுக்கென்று ஓர் அச்சு உண்டு. எங்கிருந்தோ ஓர் ஆசிரியர் வருகிறார். எதிரில் ஏதோ ஒன்று குறைவாக உள்ளவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்: பணம், மொழி, ஒழுக்கம், பார்வை, செவி. ஆசிரியர் அந்தக் குறையை நிரப்புகிறார். கடைசிக் காட்சியில் அவர்கள் எழுந்து நிற்கிறார்கள், நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். இந்த அச்சில் மாணவர் பக்கம் எத்தனை வகையான முகங்களை நிரப்பினாலும், சாக்பீஸ் இருக்கும் கை மாறாவிட்டால் அந்தப் பன்மைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு சமூகத்தார் திரையில் தெரிகிறார்களா என்பதைவிட, திரையில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு அதிகம் சொல்கிறது. காது கேளாதோர் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டு வரலாறே இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன், யார் நடித்தார்கள் என்பதை முடித்துவிடலாம்.

‘கோடா’ ஒரு மறு ஆக்கம். மூலம், 2014-இல் வந்த ‘லா ஃபமிய் பெலியே’ என்ற பிரெஞ்சுப் படம். அதில் மீனவர்களுக்குப் பதில் பால் பண்ணைக் குடும்பம். தம்பியாக நடித்த லூக்கா கெல்பர்க் காது கேளாதவர். ஆனால் அப்பா அம்மாவாக நடித்த ஃபிரான்சுவா தமியன்ஸும் கரின் வியாரும் காது கேட்பவர்கள். பிரான்சில் படம் ஓடு ஓடென்று ஓடியது. சைகை மொழி தெரிந்தவர்களோ, அந்தப் பெற்றோரின் கைகள் உளறுகின்றன என்று நொந்துகொண்டார்கள்.

இந்தக் கதையின் வித்து அதற்கும் முன்பே இந்தியாவில் முளைத்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1996-இல் சஞ்சய் லீலா பன்சாலியின் முதல் படமான ‘காமோஷி’யிலும் காது கேளாத பெற்றோர், பாடும் மகள், வீட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இழுபறி. பெற்றோராக நானா படேகரும் சீமா பிஸ்வாஸும். இருவரும் பெரிய நடிகர்கள், இருவரும் காது கேட்பவர்கள். அன்று அதை யாரும் ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை.

ஹெடரின் படத்திலும் அப்பா வேடத்துக்கு ஒரு பிரபல நடிகரைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தது. அம்மா வேடத்துக்கு முன்பே ஒப்பந்தமாகியிருந்த மார்லி மாட்லின், காது கேட்பவரைப் போட்டால் தான் விலகிவிடுவதாகச் சொல்லிவிட்டார். கோட்சர் வந்தது அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸில் காது கேளாதோர் நடத்தும் டெஃப் வெஸ்ட் நாடகக் குழுவில் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். லியோவாக நடித்த டேனியல் டுரான்டும் அதே குழுவின் மேடைகளில் நடித்தவர்.

நடிகர்கள் வந்தவுடன் படப்பிடிப்புத் தளத்தின் பழக்கங்களே மாறின. ஹெடர் அமெரிக்கச் சைகை மொழி கற்றார். ரூபியாக நடித்த எமிலியா ஜோன்ஸ் சுமார் ஒன்பது மாதம் படித்தார். அலெக்ஸாண்ட்ரியா வெய்ல்ஸ், ஆன் டொமசெட்டி என்ற காது கேளாத கலைஞர்கள் இருவர் மொழிப் பொறுப்பில் இருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிய வசனம் கைகளில் எப்படி வர வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் அவர்கள். அவர்கள் கண்ணில் பட்டது வசனம் மட்டும் இல்லை, நாற்காலிகளும்தான். காது கேளாதவர்கள் வாழும் வீட்டில் வாசலுக்கு முதுகு காட்டி யாரும் உட்கார மாட்டார்கள். ஒருவர் கை இன்னொருவர் கண்ணுக்குத் தெரியும்படிதான் இருக்கைகள் இருக்கும். காது கேட்கும் கலை இயக்குநருக்கு இது தோன்றாது. தோன்றாததில் குற்றமில்லை. சொல்ல ஓர் ஆள் அங்கே இருந்தாரா என்பதுதான் விஷயம்.

இதன் பலன் சிரிப்பில் தெரிகிறது. சினிமாவில் காது கேளாதவர்கள் பெரும்பாலும் பரிசுத்த ஆத்மாக்கள். பெரிய கண்கள், கொஞ்சம் கண்ணீர், நிறையப் பொறுமை. ஃபிராங்க் அப்படி இல்லை. தாடியும் கஞ்சா வாடையுமாக, வாய்க்கு வந்ததை, இல்லை, கைக்கு வந்ததைப் பேசும் மனிதர். மருத்துவரிடம் பெற்றோரின் அந்தரங்க உபாதையை மகள் மொழிபெயர்க்க வேண்டிய காட்சி ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் சில நாள் தாம்பத்தியத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற மருத்துவரின் அறிவுரையையும் அவளே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். இப்படிக் கூச்சமில்லாமல், ஆசையோடு, கொச்சையாக ஒரு காது கேளாத கணவன் மனைவியைக் காட்டியதைத்தான் இந்தப் படத்தின் முதல் சாதனையாக நான் எண்ணுவேன். விருதெல்லாம் பிறகு.

இனி அந்த வரலாறு.

1814-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில், தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட் என்ற இளம் போதகர் பக்கத்து வீட்டுச் சிறுமி ஆலிஸ் காக்ஸ்வெல்லைக் கவனிக்கிறார். அவளுக்குக் காது கேட்காது. அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரிந்துகொள்ள ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுகிறார். அங்கே பாரிஸ் காது கேளாதோர் பள்ளியின் ஆசிரியர் லோரன் கிளேர்க்கைச் சந்திக்கிறார். கிளேர்க்கும் காது கேளாதவர். 1816-இல் இருவரும் சேர்ந்து அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். பயணம் 52 நாட்கள். கப்பலில் கிளேர்க் காலடெட்டுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுத்தார்; காலடெட் கிளேர்க்குக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். 1817-இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தது. ஆக, அந்த நாட்டில் காது கேளாதோர் கல்விக்கு அடிக்கல் போட்டபோது சாக்பீஸ் இரண்டு கைகளில் இருந்தது. ஒருவர் கேட்பவர், மற்றவர் கேளாதவர்.

அடுத்த தலைமுறையில் அது பிடுங்கப்பட்டது. பிடுங்கிய கதைதான் எந்தக் குடும்பப் படத்தையும் மிஞ்சும் குடும்பக் கதை. காலடெட்டின் மனைவி சோஃபியா காது கேளாதவர். அவர்களுடைய இளைய மகன் எட்வர்ட், இன்றைய சொல்லில் ஒரு கோடா. இன்னொரு கோடா நமக்கு நன்றாகத் தெரிந்தவர்: தொலைபேசியின் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். அவருடைய தாய் எலைசாவுக்குக் காது கேட்காது. பெல் தொழிலால் காது கேளாதோரின் ஆசிரியர். அவரிடம் படித்த காது கேளாத மாணவி மேபல் ஹப்பார்டையே 1877-இல் மணந்தார். அம்மா, மனைவி, மாணவர்கள் எல்லோரும் காது கேளாதவர்கள். ஆனாலும் சைகை மொழி கூடாது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசவே பயிற்றுவிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொள்வது ஆபத்து என்று 1880-களில் ஓர் ஆய்வுரையும் எழுதினார். எட்வர்ட் காலடெட் எதிர்ப்பக்கம் நின்று சைகை மொழிக்காகப் போராடினார். காது கேளாத தாய்மாரின் இரண்டு பிள்ளைகள், ஒரே வீட்டுப் பாசத்திலிருந்து இரண்டு நேர்மாறான முடிவுகளுக்குப் போனார்கள். பாசம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் பெல்லைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

வென்றது பெல் பக்கம். 1880-இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பேச்சுப் பயிற்சியே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. 160-க்கும் அதிகமான பிரதிநிதிகள் கூடிய அந்த மாநாட்டில் காது கேளாதவர் என்று அறியப்படுபவர் ஒரே ஒருவர். அதன்பின் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை தடை செய்யப்பட்டது; கை அசைத்த குழந்தைகள் அடி வாங்கினார்கள்; காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். நம்மிடம் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்றொரு பழமொழி புழக்கத்தில் இருக்கிறது. கேலி முழுவதும் கேளாதவன்மேல். கேட்காது என்று தெரிந்தும் சங்கையே ஊதிக்கொண்டிருப்பவனை அந்தப் பழமொழி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மிலானுக்குப் பிந்திய நூறாண்டு வகுப்பறைகள் அந்தச் சங்கைத்தான் ஊதின. அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க, அதே மாநாட்டுத் தொடர் 2010-இல் வான்கூவரில் கூட வேண்டியிருந்தது. இடையில் 130 ஆண்டுகள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு 1986-இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்’ படத்தைப் பார்த்தால் அது வேறு படமாகத் தெரிகிறது. காது கேளாதோர் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர் ஜேம்ஸ் லீட்ஸ். அங்கேயே படித்து, அங்கேயே துப்புரவு வேலை செய்யும் சாரா. அவளை வாய்விட்டுப் பேச வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பேச மாட்டேன் என்பது அவள் பிடிவாதம். காதல், மோதல். சாராவாக நடித்தவர் மார்லி மாட்லின். 1987-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியபோது அவருக்கு வயது 21. அந்தப் பிரிவில் அவரைவிடச் சிறிய வயதில் இன்றுவரை யாரும் வென்றதில்லை.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு விசித்திரம். சாராவின் சைகைகளுக்குப் பெரும்பாலும் வசன வரிகள் கிடையாது. அவள் கையால் சொல்வதை லீட்ஸ் தன் வாயால் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருப்பார், நமக்காக. ‘உனக்கு என்மேல் கோபமா?’ என்று அவள் சைகையில் கேட்டால், ‘உன்மேல் கோபமா என்று கேட்கிறாயா?’ என்கிற மாதிரி. பேச மறுப்பதையே தன் மானமாக வைத்திருக்கும் ஒரு பெண்ணின் ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆணின் குரலில்தான் நம்மை வந்து சேர்கிறது. படம் அவள் பக்கம் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. அதன் ஒலித்தடமோ ஆசிரியர் பக்கம் இருக்கிறது.

மாட்லின் ஆஸ்கர் வாங்கியதற்கு அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் கூர்மையானது. 1988 மார்ச்சில், வாஷிங்டனில் காலடெட் பெயரிலேயே இயங்கும் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் வாயில்களை மூடிப் போராடினார்கள். 1864-இல் கல்லூரியாகத் தொடங்கியதிலிருந்து அதன் தலைவர்கள் அனைவரும் கேட்பவர்களே. மறுபடியும் ஒரு கேட்பவரை நியமித்ததும் பொறுமை உடைந்தது. ஒரே வாரத்தில் நிர்வாகம் பணிந்து, ஐ. கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார். மாட்லின் அந்தப் போராட்டத்துக்காகத் தொலைக்காட்சியில் வாதாடினார். அடுத்த மாதம் ஆஸ்கர் மேடையில் பரிசு வழங்க வந்தபோது சில வரிகளை வாய்விட்டுச் சொன்னார். காது கேளாதோர் பலர் கொதித்துப் போனார்கள்: சாராவாக நடித்த நீயா வாய் திறந்தாய்? ஒரு சமூகத்துக்குத் திரையில் ஒரே ஒரு முகம்தான் கிடைக்கும் என்றால், அந்த முகத்தின்மேல் எவ்வளவு பாரம் ஏறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2011 முதல் 2017 வரை ஓடிய ‘ஸ்விட்ச்டு அட் பர்த்’ என்ற குடும்பத் தொடர் இந்தப் பாரத்தைக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தது. அதில் காது கேளாதவர்கள் பலர் இருந்தார்கள். நல்லவன், திருடன், காதலன், பொறாமைக்காரி என்று ஆளுக்கொரு குணம். 2013-இல் அதன் ஓர் அத்தியாயம் ஏறத்தாழ முழுவதும் சைகை மொழியிலேயே வந்தது. காலடெட் போராட்டத்தை நினைவுகூர்ந்து, மாணவர்கள் தங்கள் பள்ளியைக் காக்கப் போராடும் அத்தியாயம் அது.

இப்போது ‘கோடா’வுக்குத் திரும்புவோம். இங்கே பாடம் எந்தத் திசையில் போகிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் பழைய அச்சுதான். ஆசிரியர் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார், மாணவி வளர்கிறாள். நுணுக்கம் என்னவென்றால் இங்கே ஆசிரியரும் வெளி ஆள். யூஜீனியோ டெர்பெஸ் நடித்த வில்லலோபோஸ் மெக்சிகோவிலிருந்து வந்தவர். முதல் வகுப்பிலேயே தன் பெயரில் வரும் ரகரத்தை உருட்டி ஒலித்துக் காட்டி, அது வராதவர்கள் தன்னை மிஸ்டர் வி என்றே கூப்பிட்டுவிடலாம் என்று கிண்டலாகச் சொல்லிவிடுகிறார். தன் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஊரில் பாட்டு வாத்தியாராக இருப்பவர். ரூபிக்கும் அது தெரியும். பள்ளியில் சேர்ந்த புதிதில் தன் பேச்சு காது கேளாதவர்களின் பேச்சைப்போல இருந்ததால் கேலிக்கு ஆளானவள் அவள்.

இந்த இருவருக்கும் நடுவில் ஒரு சின்னக் காட்சி. பாடும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கிறார். சொல்லத் தெரியவில்லை என்கிறாள். முயற்சி செய் என்கிறார். அவள் கைகள் எழுகின்றன. மார்பிலிருந்து ஏதோ விரிந்து மேலே போகிறது. வாய் அசையவே இல்லை. அவருக்குச் சைகை மொழி தெரியாது, ஆனாலும் பதில் கிடைத்துவிட்டது. அந்த ஒரு கணத்தில் மாணவியின் தாய்மொழி எது என்று ஆசிரியர் கற்றுக்கொள்கிறார். ரூபியின் தாய்மொழி ஆங்கிலம் இல்லை. அவள் அம்மாவிடமிருந்து கற்ற முதல் மொழி கைகளில் இருக்கிறது. மொத்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பலரும் புகழும் கச்சேரிக் காட்சியைவிட.

கச்சேரிக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பள்ளி விழாவில் ரூபியும் உடன் படிக்கும் மைல்ஸும் சேர்ந்து பாடும்போது ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்து முற்றிலும் நின்றுவிடுகிறது. மேடையில் வாய்கள் அசைகின்றன. ஃபிராங்க் பாட்டைக் கேட்க முடியாமல், கேட்பவர்களின் முகங்களைப் படிக்கிறார். ஒரு பெண் கண்ணைத் துடைக்கிறாள். மகள் நன்றாகப் பாடுகிறாள் என்று அவருக்குப் பக்கத்து இருக்கைகள்தான் சொல்கின்றன. இந்த உத்தி பிரெஞ்சு மூலத்திலேயே இருந்தது; ஹெடர் அதை எடுத்துக்கொண்டார். எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சை அடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் நெஞ்சை? காது கேளாத ஒரு பார்வையாளருக்கு அந்த நிமிடத்தில் எதுவும் மாறுவதில்லை. அவர் படம் முழுவதையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். மௌனம் என்ற பாடம் கேட்பவர்களுக்காக மட்டும் நடத்தப்படுகிறது. போதாததற்கு, ஃபிராங்க் மௌனத்தில் வாழ்பவரும் இல்லை. தன் வண்டியில் ராப் பாட்டைக் காது கிழிய வைத்து, இருக்கையில் ஏறும் அதிர்வை ரசிப்பவராக அவரை அறிமுகப்படுத்தியதே இதே படம்தான்.

அன்றிரவு வண்டியின் பின்புறம் உட்கார்ந்து, எனக்காகப் பாடு என்கிறார். அவள் தொண்டையில் இரண்டு கைகளையும் வைத்துப் பார்க்கிறார். இங்கே படம் தன்னைத் திருத்திக்கொள்வதுபோல எனக்குத் தோன்றும். கச்சேரியில் அவர் பிறர் முகத்தை நம்பி இருந்தார். இங்கே கேட்பதற்கு அவருக்கென்று ஒரு வழி இருக்கிறது, அதை அவரே கண்டுபிடிக்கிறார்.

படத்தின்மேல் காது கேளாத விமர்சகர்கள் வைத்த குற்றச்சாட்டுகளில் கனமானது, மொழிபெயர்ப்பு பற்றியது. ரூபி இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் மருத்துவரிடமும் பேச முடியாது, வியாபாரமும் செய்ய முடியாது என்று கதை நம்ப வைக்கிறது. அமெரிக்காவில் 1990-இலேயே மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. மருத்துவமனையும் அரசு அலுவலகமும் தகவல் தொடர்புக்குத் தங்கள் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும்; அவசர நேரம் தவிர, நோயாளியின் சிறு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று அதன் விதிகளும் சொல்கின்றன. சட்டப்படி அந்த மருத்துவர் அறையில் இருந்திருக்க வேண்டியவர் ஒரு தொழில்முறை மொழிபெயர்ப்பாளர். அவர் இருந்திருந்தால் நகைச்சுவை போயிருக்கும், கதையின் முடிச்சும் போயிருக்கும். நிஜத்தில் எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைகள்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதும் உண்மை. படம் அந்த உண்மையைக் காட்டுகிறது. அது ஒரு விதிமீறல் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அதனால் பழி காதின்மேல் விழுகிறது.

இதற்கு விடை லியோவிடம் இருக்கிறது. படத்தில் அவனுக்குக் கிடைத்த இடம் குறைவு. எனக்கு அதில் வருத்தம். அவன் தங்கையிடம் கோபப்படுவது அவள் போகிறாள் என்பதற்காக இல்லை, போகாமல் தியாகம் செய்யப் பார்க்கிறாள் என்பதற்காக. நீ பிறப்பதற்கு முன் இந்தக் குடும்பம் நன்றாகத்தான் இருந்தது என்று கொதிக்கிறான். மீன் வியாபாரத்தை நான் பார்த்துக்கொள்வேன், ஊரார் நம்மோடு பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவன் கட்சி. அம்மா ஜாக்கியிடமும் ஒரு முள் இருக்கிறது. ரூபி பிறந்தபோது அவளுக்கும் காது கேட்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டதாகவும், கேட்கிறது என்று மருத்துவமனையில் சொன்னபோது மனம் உடைந்ததாகவும் மகளிடமே சொல்கிறாள். கேட்கும் மகளோடு தன்னால் ஒட்ட முடியாமல் போய்விடுமோ என்ற பயம். காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். அந்தப் பெற்றோரின் சோகத்தை நூறு படங்கள் காட்டிவிட்டன. அதே சோகத்தைத் திருப்பிப் போட்டு, கேட்கும் குழந்தை பிறந்ததற்கு வருந்தும் ஒரு தாயைக் காட்டத் துணிந்த படம் அரிது.

தமிழுக்கு வந்தால் கணக்கு இன்னும் விநோதமாக இருக்கிறது. குல்சாரின் ‘கோஷிஷ்’ என்ற இந்திப் படம் 1977-இல் ‘உயர்ந்தவர்கள்’ ஆனது. கமல்ஹாசனும் சுஜாதாவும் காது கேளாத, வாய் பேசாத தம்பதியாக நடித்தார்கள். 2007-இல் ராதாமோகனின் ‘மொழி’யில் ஜோதிகா. அந்தப் படத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அர்ச்சனாவைப் பரிதாபப் பொருளாக்காமல், சுள்ளென்று கோபம் வரும் ஒரு பெண்ணாக்கியது அது. ஆனாலும் அவள் சைகைகளை நமக்குச் சொல்ல ஸ்வர்ணமால்யா நடித்த தோழி பக்கத்திலேயே வர வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2009-இல், ‘நாடோடிகள்’ படத்தில் அபிநயா அறிமுகமானார். பிறவியிலேயே செவித்திறனும் பேச்சும் இல்லாதவர். அவருக்குக் கொடுத்ததோ நன்றாகக் கேட்கும், பேசும் தங்கை வேடம். உதட்டசைவுக்குப் பின்னணிக் குரல் சேர்த்தார்கள். விஷயம் தெரியாதவர்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. கேட்கும் நடிகை கேளாதவராக நடித்தால் கைதட்டுகிறோம். கேளாத நடிகை கேட்பவராக நடித்து ஒருவருக்கும் தெரியவில்லை என்றால், திறமை யாரிடம் அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘கோடா’வின் முடிவு எல்லோருக்கும் நினைவிருக்கும். பெர்க்லி தேர்வு அறையில் ரூபி பாடுகிறாள்; மாடத்தில் திருட்டுத்தனமாக ஏறி உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைப் பார்த்ததும் கைகளாலும் பாடத் தொடங்குகிறாள். கண்ணீர், இசை, வெற்றி. அதற்குப் பிறகு வரும் சில விநாடிகளை மட்டும் யாரும் பேசுவதில்லை. குளோஸ்டரில் ராஸி குடும்பத்தின் மீன் வியாபாரம் வளர்ந்திருக்கிறது. கூட வேலை செய்யும் கேட்கும் தொழிலாளிகள் தட்டுத் தடுமாறிச் சைகை மொழி கற்றுக்கொண்டிருக்கிறார்கள். சாக்பீஸ் கை மாறிவிட்டது. லியோ சொன்னது நடந்துவிட்டது. மூச்சு விடுவதற்குள் அந்தக் காட்சி போய்விடுகிறது. எனக்கு வேண்டிய படம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அப்படி ஒன்று கற்பனையில்தான் நடக்கும் என்றும் சொல்ல முடியாது. அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்த்தாஸ் வினியார்ட் என்ற தீவு. பரம்பரையாக வந்த காரணத்தால் அங்கே பல தலைமுறைகளாகக் காது கேளாதவர்கள் அதிகம். சில்மார்க் என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் 25 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு. அதனால் அங்கே கேட்பவர்களும் சைகை மொழி பேசினார்கள். கடையில், கூட்டத்தில், காதலில், சண்டையில். பரம்பரைச் செவிட்டுத்தன்மையை ஆராய பெல் தகவல் திரட்டிய இடங்களில் சில்மார்க்கும் ஒன்று. அவர் தேடியது ஆபத்தின் காரணத்தை. அந்த ஊரோ ஆபத்து எதையும் உணராமல் இரண்டு மொழியில் வாழ்ந்துகொண்டிருந்தது. அங்கும் பலருக்குத் தொழில் மீன்பிடிப்புதான். கடலில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கத்தினால் காற்று குரலைத் தின்றுவிடும். காது நன்றாகக் கேட்கும் மீனவர்களே கைகளால் பேசிக்கொண்டார்கள். ‘கோடா’வில் ரேடியோ அழைப்பு கேட்கவில்லை என்று ஃபிராங்கின் படகைக் கடலோரக் காவல் படை மடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தீவு ஞாபகம் வரும்.

பரம்பரைச் செவிட்டுத்தன்மை கொண்ட கடைசி ஆள் அங்கே 1952-இல் இறந்துபோனார். அதன்பின் மானுடவியலாளர் நோரா எலன் குரோஸ் தீவின் முதியவர்களிடம் பேசி, 1985-இல் ஒரு நூல் எழுதினார். பழைய தலைமுறையைச் சேர்ந்த இரண்டு ஆண்களைப் பற்றி ஏதாவது நினைவிருக்கிறதா என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டிருக்கிறார். இருக்கிறது, இருவரும் நல்ல மீனவர்கள், ரொம்ப நல்ல மீனவர்கள் என்றார் அவர். இருவருக்கும் காது கேட்காது, இல்லையா என்று குரோஸ் விடாமல் கேட்டார். மூதாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், நீங்கள் சொன்னபிறகுதான் நினைவு வருகிறது, இருவருக்கும் கேட்காதுதான் என்றார்.